ஒரே எண், இரண்டு குழாய்

சுகிர்தா என்னை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டது கோயில் குளம் பார்க்க அல்ல. வெடித்த தண்ணீர்க் குழாய் பார்க்க. நாங்கள் இருவரும் சென்னையில் ஒரே வகுப்பில் பாலிமர் வேதியியல் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவள் ஊருக்குத் திரும்பி, புத்தூரில் கணவர் ராஜனோடு சேர்ந்து பிளாஸ்டிக் குழாய் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறாள். நான் கோயம்புத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில், பிறர் செய்த குழாய்களை இழுத்தும் கிழித்தும் உருக்கியும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.

"கரவெட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நாங்கள் குடுத்த குழாய் வெடிக்குது. போட்ட ஆளின்ரை பிழை. நீ வந்து பாத்து, குழாய் நல்லதெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்" என்றாள் தொலைபேசியில்.

ஒரு சொல்தானே என்று பையைக் கட்டிவிட்டேன்.

முதல் நாள் காலையிலேயே ஒரு தவறு செய்தேன். மேசையில் சிவப்பரிசி மா இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் சந்தகை என்போம். எலுமிச்சையும் தாளிப்புமாகச் சாப்பிடுவோம். இங்கே மெல்லிய தட்டுத் தட்டாக, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தது. பசி. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்ட பிறகுதான் ராஜன் கண்ணை மூடி ஜெபம் சொல்லத் தொடங்கியிருப்பதைக் கவனித்தேன். மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஆமென் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். ராஜன் கண்ணைத் திறந்து, "கர்த்தர் கோவிக்க மாட்டார், சாப்பிடுங்கோ" என்றார்.

டீ கேட்டால் பால் இல்லாமல் வந்தது. பால் கேட்டேன். அடுத்த முறை பால்மாவைக் கரைத்த வெள்ளைத் தேநீர் வந்தது. மூன்றாவது முறை முதலில் வந்ததையே கேட்டு வாங்கிக்கொண்டேன். கேத்தலின் உள்ளே சுண்ணாம்பு பாறை மாதிரி படிந்திருந்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் பற்றி ஒரு கர்வம் உண்டு. அதை வெளியே காட்டாமல் குடித்தேன்.

தொழிற்சாலை வீட்டின் பின்புறம், வெங்காயத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. கறுப்பு மணிகளாகச் சாக்கில் வரும் பாலிஎத்திலீன் ஒரு முனையில் போய், உருகி, மறுமுனையில் குழாயாக வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் ஆறிக்கொண்டிருந்தது. சுகிர்தா எனக்குச் சான்றிதழ்களைக் காட்டினாள். அந்தக் கிராமத்துக்கு இரண்டு கட்டமாகக் குழாய் போயிருக்கிறது. முதல் பாதிக்கு வழக்கமான சரக்கு. நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்த காலத்தில் அது கிடைக்காமல், இரண்டாம் பாதிக்கு வேறு ஒரு வியாபாரியிடம் வாங்கிய சரக்கு. இரண்டு தாளிலும் உருகி ஓடும் அளவு ஒரே எண்.

"பார், ஒரே நம்பர்" என்றாள். அவள் விரல் அந்த எண்ணின்மேல் தேவைக்கு அதிகமான நேரம் இருந்தது.

இந்த எண் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் என்பது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். ஒரே சாக்கில் இருக்கும் சங்கிலிகள் எல்லாம் ஒரே நீளம் இருப்பதில்லை. குட்டையும் உண்டு, நெட்டையும் உண்டு. உருக்கி, ஒரு சிறு துளை வழியாக ஒரு எடையை வைத்து அழுத்தினால், பத்து நிமிடத்தில் எவ்வளவு வழிகிறது என்று நிறுத்துப் பார்க்கலாம். சங்கிலி நீளமானால் குறைவாக வழியும். குட்டையானால் அதிகமாக வழியும். அந்த எண் சராசரி நீளத்துக்கு ஓர் அடையாளம். ஆனால் அந்தச் சராசரிக்குள் எத்தனை குட்டை, எத்தனை நெட்டை என்பதை அது சொல்லாது.

மறுநாள் கிராமத்துக்குக் கிளம்பினேன். சுகிர்தா வரவில்லை. "நான் வந்தால் சனம் ஒரு மாதிரிக் கதைக்கும். நீ தனியப் போ. நெல்லியடிக்குப் போற பஸ்ஸிலை ஏறு" என்றாள். பஸ்ஸில் பாட்டு அலறியது. நெல்லியடி எப்போது வரும் என்று பக்கத்து அம்மாவிடம் கேட்டபோது, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, இது வல்வெட்டித்துறையாலை போற பஸ் எல்லோ!"

அடுத்த வளைவில் ஜன்னல் முழுக்கக் கடல் வந்துவிட்டது. கண்டக்டர் என்னைப் பருத்தித்துறையில் இறக்கி, வேறு பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டு, அந்தக் கண்டக்டரிடம், "உந்த அக்கா இந்தியா. கரவெட்டியிலை மறக்காமல் இறக்கிவிடு" என்று ஒப்படைத்தார். எங்கள் ஊராக இருந்தால் திட்டு விழுந்திருக்கும்.

குழாய் பதித்தவர் பெயர் தவராசா. நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கிராமத்துக் கிணறுகள் கடலுப்பு ஏறிப்போனவை. உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நல்ல கிணற்றிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவர ஊர்ச் சங்கம் போட்ட திட்டம் அது. குழாய் வெடிக்கத் தொடங்கியதும் பாதி ஊர் மறுபடியும் கேன் தூக்குகிறது. நான் போனபோது அவர் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"கொம்பனி ஆளோ?"

"இல்லீங்க. சுகிர்தாவோட சிநேகிதி. கோயம்புத்தூர்."

"அப்ப கொம்பனி ஆள்தான்" என்று பம்பை வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் மனைவி தேவகி கதிரை கொண்டுவந்து போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. தவராசாதான் பேசினார். வெடிப்புக்குப் பிறகு மற்றக் கிராமங்களிலும் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களாம். "இப்ப கட்டிட வேலைக்குக் கல்லுச் சுமக்கிறன். அதிலை வெக்கமில்லை. ஆனால் றோட்டிலை போகேக்கை, 'உவர்தான் குழாய் வெடிச்ச தவராசா' எண்டு காட்டுறாங்கள். அதுதான் ஏலாமல் கிடக்கு."

வெடித்த துண்டுகளை வைத்திருந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். அழுத்தம் தாங்காமல் வெடிக்கும் குழாய் முதலில் பலூன் மாதிரி வீங்கும். இவை வீங்கவில்லை. குழாயின் நீளவாக்கில், நகத்தால் கீறியது போல மெல்லிய கோடு. வெளிப்புறத்தில் கல் அழுத்திய பள்ளம். அதற்கு நேர் உள்ளே கீறல் தொடங்கியிருந்தது. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்ந்த விரிசல்.

"கல்லு இருந்துச்சுங்களா?"

"இது யாழ்ப்பாணம். தோண்டினால் கல்லுத்தான்."

"முதல் பாதியிலயும் கல்லுதானா?"

அவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். முதல் கட்டக் குழாய் போன பாதையில் ஓர் இடத்தில் தோண்டினார். கூர்மையான சுண்ணாம்புக் கல் ஒன்றின்மேல் குழாய் நேரே உட்கார்ந்திருந்தது. கல்லை விலக்கி, விரலால் தடவிப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. விரிசல் இல்லை. அதே ஆள், அதே கல், அதே தண்ணீர். சங்கத் தலைவரிடம் சொல்லி, அங்கே ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு, இணைப்புப் போட்டு மூடினோம்.

சுகிர்தாவுக்குச் சாதகமாக ஒரு சொல் சொல்ல வந்தவள் நான். பஸ்ஸில் அந்த இரண்டு துண்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். கவலையைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது என்று சொன்னால் நல்ல சிநேகிதி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

சுகிர்தாவிடம் உருகி ஓடும் அளவு பார்க்கும் சிறு கருவி இருந்தது. எடை ஒன்றே ஒன்றுதான், ஐந்து கிலோ. எனக்கு அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் வேண்டும். ஒரே பிளாஸ்டிக்கை லேசான எடையிலும் கனமான எடையிலும் ஓடவிட்டு ஒப்பிட்டால், சங்கிலி நீளங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று ஓரளவு ஊகிக்கலாம். நடுவில் துளை உள்ள இரும்பு எடை எங்கே கிடைக்கும் என்று இருவரும் யோசித்தோம். ராஜன்தான், "ஜிம்மிலை இருக்கே" என்றார்.

நெல்லியடியில் ஓர் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிக்கு முன்னால் நின்று தசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். வட்டத் தட்டுகள் மட்டும் ஒருநாள் வாடகைக்கு வேண்டும் என்று சுகிர்தா கேட்டாள். உரிமையாளருக்குப் புரியவில்லை.

"கம்பி வேண்டாமோ, அக்கா?"

"வேண்டாம். தட்டு மட்டும்."

வெளியே வரும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது: "ரண்டு அக்காமாரும் ஆருக்கோ எறியப் போகினம் போலை." ஓட்டோவில் தட்டுகள் ஒவ்வொரு குழியிலும் நழுவி என் கால் பெருவிரலைத் தேடி வந்தன. ஒருமுறை கண்டுபிடித்தும்விட்டன.

இரண்டு துண்டுகளையும் பொடிப்பொடியாக நறுக்கி, சூடேற்றி, முதலில் லேசான எடை வைத்தோம். இரண்டும் கறுப்புப் புழு மாதிரி ஒரே வேகத்தில் வழிந்தன. சுகிர்தா மூச்சு விட்டாள். பிறகு தட்டுகளை ஏற்றினோம். முதல் கட்டக் குழாயின் பிளாஸ்டிக் சரசரவென்று ஓடியது. இரண்டாம் கட்டத்தினுடையது இழுத்து இழுத்து வந்தது.

"வேகமா ஓடுறது நல்லதோ கூடாதோ?" என்று ராஜன் கேட்டார்.

சுகிர்தா தராசைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "நல்லது. குட்டைச் சங்கிலி நிறைய இருக்கு. கனம் வைச்சால் அது வழுக்கிக்கொண்டு ஓடும். அப்பிடியும் லேசான எடையிலை ரண்டும் ஒரே அளவு வருதெண்டால், இதுக்குள்ளை மிச்சம் மிச்சம் நெட்டைச் சங்கிலியும் இருக்கவேணும். நெட்டைதான் குழாய் ஆறினாப் பிறகு ஒண்டோடை ஒண்டைத் தைச்சு வைச்சிருக்கிறது. மற்றதிலை எல்லாம் நடுத்தரம். சராசரி சரி. தைக்கிறதுக்கு ஆளில்லை."

நான் படித்த அதே பாடம். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இது ஊகம்தான், உறுதியான சோதனை அல்ல. ஜிம் தட்டை வைத்து யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது. பின்னால் கோயம்புத்தூரில் பெரிய கருவியில் போட்டுப் பார்த்தபோது, முதல் துண்டுக்குத் திரையில் இரண்டு திமில் வந்தது, ஒட்டகம் போல. ஒன்று குட்டைகளுக்கு, ஒன்று நெட்டைகளுக்கு. இரண்டாவதற்கு நடுவில் ஒரே ஒரு திமில். ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. "நான் ஊருக்குப் போய் ஒழுங்கா சோதிச்சு அனுப்பறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் பேசாதே" என்றேன். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. என்னைக் கீரிமலைக்குக் கூட்டிப்போனாள். அலையடிக்கும் கடலுக்கு ஒட்டினாற்போல ஒரு கேணி. அதில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் சுவர் மறைப்பு. இறங்கிக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். உப்பில்லை. சுவருக்கு அப்பால் உப்பு, இப்பால் இது. என் சிறுவாணிக் கர்வம் கொஞ்சம் இறங்கி வந்தது. பக்கத்து நகுலேஸ்வரம் கோயிலுக்கு வந்த பெண்கள் ஈரச் சேலையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். "மூண்டு தரம் முங்கினால் காணும், அக்கா, சளி பிடிச்சிடும்" என்று ஒருத்தி மற்றவளை இழுத்தாள்.

சுகிர்தா படியில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டிருந்தாள். நான் நனைந்த தலையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கு நான் ஒண்டு சொல்லேல்லை" என்றாள். "வெடிக்கத் தொடங்கினாப் பிறகு ஊர்ச் சங்கம் கூட்டம் வைச்சது. நான்தான் எழும்பிச் சொன்னனான், தவராசா அண்ணை கல்லுக்கு மேலை போட்டிட்டார் எண்டு. அவர் ஒண்டும் கதைக்கேல்லை. அப்பவே எனக்குச் சந்தேகம் இருந்தது. சாமான் மாறினது எனக்குத்தானே தெரியும். நம்பர் சரியா இருந்தபடியாலை, அதுக்கு மேலை பாக்கப் பயம்."

"இப்போ அதையும் பார்த்தாச்சு. ரிப்போர்ட் வரட்டும்."

"அது வருமட்டும் அவர் கல்லுச் சுமக்கிறதோ?"

அலை ஒன்று சுவரில் அடித்து, எங்கள்மேல் தெளித்தது. அது உப்பாகத்தான் இருந்தது.

ஞாயிறு தேவாலயம் முடிந்து, அதே வெள்ளைச் சேலையோடு அவள் கரவெட்டிக்குப் புறப்பட்டாள். காரில் நானும் ஏறிக்கொண்டேன். தவராசா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய், உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"தவராசா அண்ணை, குழாய்தான் பிழை. சாமான் மாறினது எனக்குத் தெரியும். உங்களிலை பழியைப் போட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தவராசா சுவரைப் பார்த்தார். "சரி, விடுங்கோ" என்றார்.

அப்போதுதான் தேவகி பேசினார். நான் அவர் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்னத்தை விடுறது? அண்டைக்கு ஊர் முழுக்க இருக்கேக்கை எழும்பி நிண்டு சொன்னீங்கள். நானும் அங்கைதான் இருந்தனான். இண்டைக்கு வீட்டுக்குள்ளை வந்து, எங்கள் ரண்டு பேருக்கு மட்டும் கேக்கச் சொல்லுறியள். இது எந்த நியாயம்?"

சுகிர்தாவின் முகம் சிவந்துபோனது. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கல்லூரி நாளிலிருந்தே அவள் கோபம் எனக்குத் தெரியும். அவள் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, அங்கேயே நின்று சங்கத் தலைவரை அழைத்தாள்.

"ஐயா, இண்டைக்குப் பின்னேரம் ஒருக்காச் சனத்தைக் கூப்பிடேலுமோ? ஓம், எல்லாரையும். நான் கதைக்கவேணும்."

மாலையில் ஊர் நூலகமான வாசிகசாலை நிரம்பி, வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். சுகிர்தா எழுந்தாள். குழாய் தன்னுடையது, பிழை தன்னுடையது, இரண்டாம் பாதி முழுவதையும் தன் செலவில் மாற்றித் தருகிறேன் என்றாள். தான் அன்றைக்குச் சொன்னது பொய்யாகிவிட்டது என்றும் சொன்னாள்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "ரண்டுக்கும் ஒரே நம்பர் எண்டால் பேந்தென்ன வித்தியாசம்?" என்று கேட்டார். சுகிர்தா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து மூலக்கூறு, சங்கிலி என்று தொடங்கினேன். முகங்கள் அணைந்துகொண்டே போயின. கிரிக்கெட்டுக்குத் தாவினேன். இரண்டு அணி, ஆளுக்குச் சராசரி முப்பது ஓட்டம். ஓர் அணியில் பதினொரு பேரும் முப்பது முப்பது. இன்னொன்றில் பலர் பத்துக்குள், இருவர் மட்டும் சதம் தாண்டுவார்கள். சராசரி ஒன்று, ஆனால் நாள் முழுக்க ஒருவராவது நின்று தாங்க வேண்டிய ஆட்டத்தில் எந்த அணி வேண்டும்?

"செஞ்சரி அடிக்கிறவன் இல்லாத ரீமை எங்களுக்குத் தந்திட்டியள்" என்றார் அவர். கூட்டம் சிரித்தது. சுகிர்தாவால் சிரிக்க முடியவில்லை.

தலைவர் முடிக்கப் போனார். தவராசா கையை உயர்த்தினார்.

"ஒண்டு சொல்லவேணும். குழாய் பிழைதான். ஆனால் கல்லுக்கு மேலை போட்டதும் உண்மை. அடியிலை மணல் பரவவேணும் எண்டு எனக்குத் தெரியும். மணல் வரேல்லை, சனம் தண்ணி தண்ணி எண்டு நிண்டது, நான் இறக்கிப்போட்டன். அண்டைக்கு வாய் திறக்காமல் இருந்ததும் அதாலைதான்."

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. தேவகிகூட எதிர்பார்க்கவில்லை என்று அவர் திரும்பிப் பார்த்த விதத்தில் தெரிந்தது.

"புதுக் குழாயை நீங்களே போடுறியளோ, தவராசா?" என்றார் தலைவர்.

"போடுறன். மணல் முதல் வரட்டும். அது வராமல் குழாய் ஒரு முழம் இறங்காது."

"முந்திக் குடுத்த பழைய சாமான்தானே இந்த முறை?" என்று தவராசா சுகிர்தாவைக் கேட்டார்.

"அதுதான். வந்தவுடனை கனத்த எடையிலையும் ஓட்டிப் பாப்பம். நீங்களும் வந்து நில்லுங்கோ."

கூட்டம் கலைந்து, ஆட்கள் கதவருகே கும்பலாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிலர் சுகிர்தாவைப் பார்த்தும் பார்க்காதது போலக் கடந்தார்கள். அவள் உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தாள். கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சுவரோரம் ஒரு நீள மர வாங்கு இருந்தது. அதில் தேவகி தனியாக, பக்கத்தில் தன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுகிர்தா அங்கே போகத் தயங்கி நின்றாள்.

தேவகி அவளைப் பார்க்கவில்லை. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"இருங்கோ" என்றார்.